தையல் சாமான் கடை: வாசகர் கேள்வி – பதில்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி: கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. வாரச்சந்தையில் தையல் சாமானும் ஆரி ஒர்க் சாமானும் விற்க ஆசை. முதல் சரக்காக என்ன வாங்கலாம்?

ஆரி சாமானை இப்போதைக்கு விடுங்கள். மணி, சம்கி, குந்தன் கல் எல்லாவற்றிலும் அளவும் கலரும் ஏராளம். பாதி ரகம் வாங்கி வைத்தால், வருகிறவர்கள் கேட்பது மீதிப் பாதியாகத்தான் இருக்கும். சந்தைக் கடைக்கு நிலையான வாடிக்கை அக்கம்பக்கத்துத் தையல்காரர்கள். அவர்களுக்கு வாராவாரம் தீர்ந்துபோவது நூல், கொக்கி, லைனிங்.

நூலுக்கு 4,000, லைனிங் துணிக்கும் சேலை ஃபால்ஸுக்கும் 3,500, கொக்கி, ஊசி, பாபின், எலாஸ்டிக், நாடா, டேப், துணியில் கோடு போடும் சாக்பீஸுக்கு 2,500, லேஸுக்கு 2,500, மேஜை, டப்பா, தார்ப்பாய்க்கு 1,000. மீதி 1,500 ரூபாயைச் செலவழிக்காதீர்கள். முதல் இரண்டு சந்தையில் "இது இல்லையா?" என்று கேட்கிறதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பணத்தில் அதை வாங்குங்கள்.

மொத்தச் சரக்குக்கு மதுரையில் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் நடந்து விலை கேளுங்கள். புதுமண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கின்றன. அங்கேயும் ஒரு எட்டு பாருங்கள்.

தார்ப்பாய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மெரூனும் அரக்கும் ஒன்றுபோலத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுவாரம் சண்டைக்கு வருவார்கள். தார்ப்பாய்க்கு அடியில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டுங்கள், கலர் பார்க்கத் துணியை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நூல்கண்டைத் துணிமேல் வைத்துப் பார்ப்பதும் தப்பு. சுற்றி இருக்கும்போது நூல் கருத்துத் தெரியும், தைத்தபின் வெளுத்துத் தெரியும். ஒரு இழையை இழுத்துத் துணிமேல் போட்டுப் பாருங்கள். சரியான கலர் இல்லையென்றால் அதே கலரில் ஒரு ஷேடு அடர்த்தியாகக் கொடுங்கள்.

மேலூரிலிருந்து ஒரு வாசகர்: லேஸ் நன்றாக விற்கிறது. ஆனால் கணக்குப் பார்த்தால் லாபம் நிற்கவில்லை. ஏன்?

உங்கள் கை தாராளம்தான் காரணமாக இருக்கும். 9 மீட்டர் ரோல் ஒன்றை 108 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடக்கம் மீட்டருக்கு 12. விற்பது 16. முழுதும் விற்றால் 36 ரூபாய் மிஞ்ச வேண்டும். மீட்டருக்கு 4 செ.மீ. கூட விட்டு வெட்டினால் 8 மீட்டர் விற்றதும் மீதி நிற்பது 68 செ.மீ. ரவிக்கைக் கை இரண்டுக்கு மட்டும் லேஸ் வைக்கவே முக்கால் மீட்டர் வேண்டும். அந்தத் துண்டு அதற்கும் எட்டாது. கையில் வந்தது 128 ரூபாய், லாபம் 20.

இஞ்ச் டேப்பால் அளக்காதீர்கள். நாள்பட்டால் நீண்டுவிடும். முத்திரை போட்ட மீட்டர் கோலை வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படியும் அதுதான் வேண்டும். எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்து அளந்தால் வாங்குபவருக்கு நஷ்டம், அப்படியே தளர்த்தி வைத்து அளங்கள். துண்டு லேஸைக் கலர்வாரியாகக் கட்டி, பொம்மைக்கும் பள்ளிக்கூடக் கைவேலைக்கும் கட்டு விலையில் தள்ளிவிடலாம்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி: என்னிடம் ஊசி வாங்கியவர்கள் "நூல் அறுகிறது" என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். ஊசி மட்டமா?

முதலில் என்ன மெஷின் என்று கேளுங்கள். வீட்டு மெஷின் ஊசியின் தடித்த முனையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அந்த ரகத்தின் பெயர் ஹெச்.ஏ. இன்டு 1. பவர் மெஷின் ஊசி முழு உருண்டை, டி.பி. இன்டு 1. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் நாள் பூரா இதே வழக்குதான். அடுத்தது ஊசியின் தடிமனைச் சொல்லும் நம்பர். பட்டு, ஜார்ஜெட் மாதிரி மெல்லிசுக்கு 11, லைனிங் வைத்த ரவிக்கைக்கு 14, பேன்ட் துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18. மெல்லிய ஊசியில் தடித்த நூலைக் கோத்தால் காதில் உரசி அறுந்துபோகும். ஊசியைத் திருப்பி மாட்டினாலும் அதே கதி.

இவை சரியென்றால் நூலைப் பாருங்கள். முழ நீளம் எடுத்துச் சுண்டினால் பட்டென்று அறுகிறதா? அது வெயிலில் கிடந்த பழைய சரக்கு. கூடவே ஒன்று: பருத்தி ஃபால்ஸ் விற்கும்போது நனைத்துக் காயவைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கிச் சேலை ஓரம் சுருக்கம் விழும். பழி உங்கள் கடைமேல்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: தெருவோரம் கடை போட அனுமதி, கடன் உண்டா?

மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வாரச்சந்தையில் குத்தகைதாரரிடம் தரைவாடகை கொடுத்து ரசீது வாங்கினால் போதும். தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி கடன் திட்டத்தில் முதல் தவணைக் கடன் 15,000 வரை. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000.

அதே வாசகி: எந்த மாதம் எதற்குக் கிராக்கி?

பங்குனி பிறந்ததுமே தங்க நிற லேஸும் வெல்வெட்டும் வாங்கி வையுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்து வேஷம் கட்டுபவர்களின் உடுப்புக்கு அதுதான் வேண்டும், சித்திரை பிறந்தபின் வாங்கிப் பயனில்லை. ஜூனில் சீருடைக்குப் பட்டன், ஜிப், எலாஸ்டிக். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் ரவிக்கைச் சாமான் மந்தம். அந்த மாதம் காற்றும் பலமாக அடிக்கும், லேஸை ரோலோடு கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் கொக்கியும் கறுப்பு, வெள்ளை நூலும் இரட்டிப்பாக இருக்கட்டும்.