அறுப்பின் பண்டிகைக் காணிக்கையும் கென்யாவின் வறட்சியும்

ஐயா, ஸ்தோத்திரம். அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் ஒரு பங்கை வட கென்யாவின் வறட்சிக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் சேகரக் கமிட்டியில் பேச்சு. அரிசியும் உடுப்பும் கப்பலில் அனுப்பலாம் என்கிறார்கள் சிலர். சேகரக் கணக்கிலிருந்தே பணம் அனுப்ப முடியுமா?
— ஒரு வாசகர், திசையன்விளை

அன்புள்ள சகோதரருக்கு,

அரிசியும் உடுப்பும் வேண்டாம். தூத்துக்குடியில் ஏற்றி, மொம்பாசாவில் இறக்கி, சுங்கம் முடித்து, லாரியில் வடக்கே கொண்டுபோகிற செலவுக்கு அங்கேயே மக்காச்சோளம் வாங்கிவிடலாம். சந்தையில் பெரும்பாலும் தானியம் இருக்கும், கையில்தான் காசு இருக்காது. வட கென்யாவின் துர்க்கானா, மார்சபிட் பக்கம் சொத்தென்றால் ஆடுமாடுதான். புல் காய்ந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வருவார்கள். ஆட்டு விலை விழும், மக்காச்சோளத்தின் விலை ஏறும். முதலில் மாடு சாகும், பிறகு ஆடு, கடைசியில் ஒட்டகம். மந்தை விழுந்தபின் போய்ச் சேருகிற பணம் சோறு போடும், அவ்வளவுதான்.

அதனால் சீக்கிரம் கொடுங்கள். அங்கே மழை மார்ச்–மே ஒன்று, அக்டோபர்–டிசம்பர் ஒன்று. பின்னது நமக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைதான். 2020 கடைசியிலிருந்து 2022 கடைசிவரை ஐந்து மழையும் வரிசையாகப் பொய்த்தன. இரண்டாவது மழை தவறும்போதே கமிட்டி கூட வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகளில், பஞ்சம் வரும் என்று அகபு தீர்க்கதரிசி சொன்ன உடனேயே அந்தியோகியா சபையார் உதவி அனுப்பத் தீர்மானித்தார்கள். பர்னபா, சவுல் என்று இரண்டு பேர் கையில் கொடுத்தனுப்பினார்கள்.

புது போர்வெல் போட்டு சபைப் பேரில் கல் பதிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுங்கள். வறட்சியில் தண்ணீர் இருக்கிற போர்வெல்லுக்கு சுற்றுவட்டார மந்தையெல்லாம் வந்து நிற்கும். ஜெனரேட்டர் ராப்பகலாக ஓடிப் பழுதாகும். நம் தெருவில் நிற்கிற இந்தியா மார்க் 2 அடிபம்பு ஆப்பிரிக்காவிலும் நிற்கிறது. வாஷர் தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். உள்ளே இறக்கிய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் அதே கதி. ஒரு பம்புக்கு 500 பேர் என்பது நிவாரணக்காரர்களின் கணக்கு. ஒரு வாஷர் கிடைக்காமல் அத்தனை பேரும் குடத்தோடு நடக்கிறார்கள். உங்கள் காணிக்கை உதிரிப்பாகத்துக்கும் டீசலுக்கும் போகட்டும்.

சேகரக் கணக்கிலிருந்து நேரே அனுப்ப நினைக்காதீர்கள். ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி தரும் வசதி தனி ஆளுக்கு மட்டும், சபை, டிரஸ்ட் போன்றவற்றுக்குக் கிடையாது. டிரஸ்டின் வருமானத்தை முன் அனுமதியில்லாமல் வெளிநாட்டில் செலவழித்தால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கும் போகும். செயலர் தன் கணக்கில் போட்டு அனுப்புவது அதைவிட மோசம்: பணம் என்னுடையது என்று வங்கியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தனியாக அனுப்புகிறவர்கள் பான் எண்ணோடு வங்கிக்குப் போகலாம், நன்கொடைக்கான வரிச்சலுகை கிடையாது. சேகரப் பணத்துக்குத் தீர்மானம் எழுதி, அனுமதி உள்ள வழி எது என்று திருமண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அனுப்பியபின் வெறும் ரசீதோடு விடாமல், எந்த ஊர்ப் பம்பில் என்ன மாற்றினார்கள் என்றும் கேட்டு வாங்குங்கள்.