டிராஃப்டில் பின்னால் போனவர்களில் யார் தேறுவார்?

கேள்வி: நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஃபேன்டஸி லீக் நடத்துகிறோம். நிஜ வீரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி, அவர்கள் நிஜத்தில் ஆடுவதைப் பொறுத்து எங்களுக்குப் புள்ளி. எடுத்த வீரரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். புதுமுகங்களை எடுக்கும்போது என் முறை வருவதற்குள் டிராஃப்டில் (என்பிஏ அணிகள் ஆண்டுதோறும் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதலில் போன பத்துப் பேரும் போய்விடுகிறார்கள். போன மூன்று முறையும், சீசனுக்கு முன் பெரும்பாலும் புதுமுகங்கள் ஆடும் சம்மர் லீக்கில் நிறையப் புள்ளி எடுத்தவரை நம்பி எடுத்தேன். மூன்று பேரும் பெஞ்சில்தான் இருக்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண் வைத்திருக்கும் வீரர் ஏன் பின்னால் போனார் என்று ஒரு வரி எழுதுங்கள். உயரம் போதாது, வயது கூடிவிட்டது, வேகம் இல்லை, காயம்பட்டவர், ஷாட் சரியில்லை. பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும். அந்தக் குறையோடு அவர் இதுவரை எப்படிச் சமாளித்து வந்தார் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள். இரண்டாவது வரியில் எழுத எதுவும் கிடைக்கவில்லை என்றால், அவரை விட்டுவிடுங்கள். நான் பல வருடமாக இப்படித்தான் பார்க்கிறேன்.

ஜேலன் பிரன்சனை எடுத்துக்கொள்வோம். 2018-ல் 33-வதாகத்தான் போனார். முதல் வரி எளிது: 6 அடி 2 அங்குலம், பெரிய வேகமும் இல்லை, எகிறிக் குதிப்பவரும் இல்லை. இரண்டாவது வரிக்கு வில்லனோவா பல்கலைக்கழகத்தில் அவர் ஆடிய எந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தாலும் போதும். கூடைக்குப் பக்கத்தில் போனதும் மற்றவர்கள் ஒற்றைக் காலில் எம்பும் இடத்தில், அவர் இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிடுவார். தோளால் லேசாக ஒரு இடி. பந்தைத் தூக்குவதுபோல் ஒரு பாவனை. காவல் காப்பவர் எம்பி, கீழே இறங்கும் நேரத்தில் இவர் நிதானமாகப் பந்தைப் போடுவார். தன்னைவிட உயரமானவர்களைப் பள்ளிக் காலத்திலிருந்தே சமாளித்தவரின் ஆட்டம் அது. அந்த அணி 2016-லும் 2018-லும் கல்லூரி சாம்பியன் ஆனது. இத்தனையும் எல்லோர் கண்முன்னும் நடந்தும், 32 பெயர்கள் அவருக்கு முன்னால் வாசிக்கப்பட்டன.

நிகோலா யோக்கிச் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2014-ல் 41-வது தேர்வு. அவர் பெயரை அறிவித்த நேரத்தில் தொலைக்காட்சியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓடுவார், குதிக்கவே மாட்டார். ஆனால் பந்து கைக்கு வருவதற்கு முன்பே அதை யாருக்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியும். 2021, 2022, 2024 என்று மூன்று முறை எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) ஆகிவிட்டார்.

உயரமும் கைவீச்சும் அங்குலத்தில் அளக்கக் கூடியவை. டிராஃப்டுக்கு வருபவர்களைச் சோதிக்க மே மாதம் சிகாகோவில் நடக்கும் கம்பைனில் அளந்து எழுதிவிடுவார்கள். எவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்கிறார் என்பதை அப்படி அளக்க முடியாது. உங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

சம்மர் லீக்கைப் பாருங்கள், ஆனால் புள்ளிப் பட்டியலை மூடி வையுங்கள். 2012-ல் லாஸ் வேகாஸில் சிறந்த வீரர் விருதை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் டேமியன் லில்லார்ட். இன்னொருவர் முந்தைய ஆண்டு 49-வதாக எடுக்கப்பட்ட ஜோஷ் செல்பி. லில்லார்ட் அந்த சீசனின் சிறந்த புதுமுகம் ஆனார். செல்பியோ 2013-க்குப் பிறகு என்பிஏவில் ஆடவே இல்லை. சம்மர் லீக்கில் பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் எறிந்துகொண்டே இருக்கலாம். நிஜ அணியில் பின்வரிசைப் புதுமுகத்தின் கைக்குப் பந்து அவ்வளவு வராது. மூலையில் நிற்கச் சொல்வார்கள், ஓடச் சொல்வார்கள், எதிரணியின் நல்ல வீரரைக் காக்கச் சொல்வார்கள்.

அதனால் ஒரு ஆட்டத்தில் ஐந்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு அவரை மட்டும் பாருங்கள். மூலையில் நிற்பவருக்குப் பந்து வந்ததும் என்ன செய்கிறார்? உடனே எறிகிறாரா, கொடுக்கிறாரா, உள்ளே புகுகிறாரா, இல்லை பிடித்து வைத்துக்கொண்டு யோசிக்கிறாரா? எதிரணிக்காரர் எறியத் தயாராகும்போது கடைசி இரண்டு மூன்று அடிகளைக் குறுக்கி வைத்து, கையைத் தூக்கிக்கொண்டு வருகிறாரா, தடதடவென்று பாய்ந்து வந்து அவரைத் தாண்டிப் போய்விடுகிறாரா? யோசித்து நிற்பவருக்கும் தாண்டிப் போகிறவருக்கும் பயிற்சியாளர் நிமிடங்கள் தரமாட்டார். நிமிடங்கள் இல்லாமல் உங்கள் லீக்கில் புள்ளியும் இல்லை. 2021-ல் 35-வதாகப் போன ஹெர்ப் ஜோன்ஸ் காவலை வைத்தே முதல் சீசனில் நியூ ஆர்லியன்ஸின் தொடக்க ஐவருக்குள் வந்துவிட்டார். உங்கள் லீக்கில் ஸ்டீலுக்கும் (பந்தைப் பறிப்பது) பிளாக்குக்கும் (ஷாட்டைத் தடுப்பது) மதிப்பு இருந்தால் அப்படிப்பட்டவர் பெரிய லாபம்.

ஷாட் சரியில்லை என்று தள்ளப்பட்டவரா? எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை அவர் எப்படி எறிகிறார் என்று பாருங்கள். அங்கே காவல் இல்லை, அவசரம் இல்லை, கை எப்படி என்பது அப்படியே தெரியும். 2011-ல் 15-வதாகப் போன கவாய் லெனார்ட் கல்லூரியில் தூரத்திலிருந்து எறியும் த்ரீ பாயின்டர் நான்கு எறிந்தால் ஒன்றுதான் விழும். ஃப்ரீ த்ரோவில் நான்கில் மூன்று விழுந்தன. சான் அன்டோனியோவில் ஷூட்டிங் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட் அவர் ஷாட்டைத் திருத்தினார். முதல் சீசனிலேயே த்ரீ பாயின்டர் 37 சதவீதத்துக்கு மேல் போனது. ஆக, எந்த அணி எடுத்தது என்பதும் முக்கியம்.

அணி என்றதும் ஜேலன் வெல்ஸ் நினைவுக்கு வருகிறார். கல்லூரி விளையாட்டின் இரண்டாம் நிலையில் இருக்கும் சொனோமா ஸ்டேட்டில் ஆடிவிட்டு வாஷிங்டன் ஸ்டேட்டுக்குப் போனவர். 2024-ல் மெம்பிஸ் 39-வதாக எடுத்தது. அவர் இடத்தில் ஆடக்கூடியவர்கள் அடுத்தடுத்துக் காயத்தில் விழ, இவருக்கு இடம் திறந்தது. சீசன் முடிவில் சிறந்த புதுமுக ஐவரில் ஒருவர் ஆனார். எடுப்பதற்கு முன் அணியின் பட்டியலைத் திறந்து, அவர் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தத்தையும் பாருங்கள். டூ-வே ஒப்பந்தம் என்றால் என்பிஏவுக்குக் கீழே இருக்கும் ஜி லீக்குக்கும் மேலேயும் போய் வந்துகொண்டிருப்பார். வழக்கமான ஒப்பந்தம் தந்திருந்தால் அணிக்கே அவர்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள்.

வயது பற்றி நிறையப் பயப்பட வேண்டாம். மால்கம் பிராக்டன் ஐந்து ஆண்டு வர்ஜீனியாவில் இருந்துவிட்டு, 23 வயதில் 36-வதாகப் போய், 2017-ல் சிறந்த புதுமுகம் ஆனார். இந்த சீசனே பலன் வேண்டுமானால் 22, 23 வயதுக்காரரை எடுங்கள். காத்திருக்க இடம் இருந்தால் மட்டும் 19 வயதுக்காரர்.

இரண்டாவது வரி காலியாக இருந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015-ல் டல்லாஸ் 52-வதாக எடுத்த சத்னாம் சிங், டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். அன்று நான் பட்ட மகிழ்ச்சி கொஞ்சமில்லை. 7 அடிக்கு மேல் உயரம், அகலமான உடம்பு. ஆனால் உயரமானவர்களும் வெளியே ஓடிவந்து சின்ன ஆட்டக்காரர்களைக் காக்க வேண்டும் என்று ஆட்டம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேகக் குறைவுக்கு அவர் ஆட்டத்தில் பதில் இல்லை. என்பிஏவின் வழக்கமான சீசனில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆசைப்பட்டு எடுப்பது வேறு, எடைபோட்டு எடுப்பது வேறு என்று எனக்குப் புரிந்தது அவரால்தான். இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

உங்கள் பெஞ்சில் இருக்கும் மூன்று பேரையும் அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள். முதலில் அவர்களுக்கு அந்த இரண்டு வரியை எழுதிப் பாருங்கள். பிரன்சனும் டல்லாஸில் நட்சத்திர வீரர் லூகா டோன்சிச்சின் நிழலில்தான் இருந்தார். 2022-ல் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் டோன்சிச் காயத்தால் யூட்டாவுக்கு எதிரான முதல் மூன்று ஆட்டங்களுக்கு வரவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் பிரன்சன் 41 புள்ளி எடுத்தார். அது அவருடைய நான்காவது சீசன்.