வம்சாவளிப் படத்தில் இல்லாத அலமேலு

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் நாங்கள் சிலர் ஞாயிறு சாயங்காலங்களில் கூடிக் குடும்ப வரலாறு சேகரித்து வருகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு பத்திர எழுத்தர், ஒரு லுங்கி வியாபாரி, கல்லூரி முடித்த இரண்டு பையன்கள். பெண் நான் ஒருத்திதான். வீடு வீடாகப் போய்க் கேட்டு வம்சாவளியைப் பெரிய சார்ட்டில் வரைந்து வைக்கிறோம்.

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு குடும்பம் எங்களைத் தேடிப் பிடித்தது. அவர்களுடைய கொள்ளுப்பாட்டியின் அம்மா 1880களில் இங்கிருந்து கப்பலேறியவராம். கப்பல் பட்டியலின் நகலையும் அனுப்பியிருந்தார்கள். பெயர் அலமேலு, வயது 22, தகப்பன் பெயர் சின்னசாமி, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம். கிராமம் பேர்ணாம்பட்டு என்று படிக்கலாம் போல ஏதோ ஒன்று. இடது புருவத்தின் மேல் தழும்பு. கூடவே இரண்டு வயதுப் பெண் குழந்தை. கணவன் பெயர் இல்லை.

எங்கள் சார்ட் எதிலும் இந்த அலமேலுவைத் தேடவே வழியில்லை. பெண்களைச் சேர்ப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். ‘இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், அந்த வீட்டுக் கணக்கில் வருவாள்’ என்கிறார்கள். அந்த வீட்டுச் சார்ட்டைப் பார்த்தால் அங்கே ‘மனைவி’ என்று மட்டும் இருக்கிறது. ‘புருஷன் இல்லாமல் போனவளைத் தோண்ட வேண்டாம், வருகிறவர்களுக்கும் சங்கடம்’ என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் தன் குடும்பம் சம்புவராயர் வழி என்று நிரூபிப்பதிலேயே பாதிக் கூட்டத்தைத் தின்றுவிடுகிறார். டர்பன் குடும்பம் தை மாதம் வருகிறது. அதற்குள் என்ன செய்யலாம்?

ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

சம்புவராயரை முதலில் அனுப்பிவிடுவோம். படைவீட்டை ஆண்ட சம்புவராயர்கள் பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரப் படையிடம் தோற்றவர்கள். அங்கிருந்து உங்கள் நண்பரின் தாத்தா வரை பதினெட்டு, இருபது தலைமுறையாவது இருக்கும். அதில் நான்கு பேரின் பெயரை ஒரு காகிதத்தோடு காட்டச் சொல்லுங்கள். காட்டினால் மேலே பேசலாம். நம் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சம்புவராயர் பேரன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். சம்புவராயரின் குதிரைக்காரனுடைய பேரனை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, அலமேலு. அந்த நகலை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியாவிலிருந்து போனவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வட ஆற்காட்டு ஆட்கள் அதில் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் அடையாளம். பெண்ணுக்கும் இதே கட்டங்கள்தான். கைக்குழந்தைக்கும் தனி வரி உண்டு. மரியாதையில் செய்ததல்ல இது. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிக்க வேண்டும், அதற்குத் தழும்பு தேவைப்பட்டது. நூறு ஆணுக்கு நாற்பது பெண் கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி வந்த பிறகு, அந்தக் கணக்குக்காகவும் பெண்களைத் தனித்தனியாக எழுதினார்கள். எப்படியோ, கூலி பிடித்த வெள்ளைக்காரனின் குமாஸ்தா அலமேலுவுக்கு ஒரு முழு வரி ஒதுக்கியிருக்கிறான். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு ஒரு எழுத்துக்கூட ஒதுக்கவில்லை. இதை அடுத்த கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பட்டியலில் உள்ள ஜில்லாவை இன்றைய வரைபடத்தை வைத்துப் படிக்கக் கூடாது. அன்றைய வட ஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர். 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் போனபோதுதான் தெற்கே மிச்சம் இருந்ததற்கு வேலூர் தலைநகரானது. அதே சமயத்தில்தான் சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென்னாற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் இங்கே வந்து சேர்ந்தன. ஆகவே 1880களின் பட்டியலில் ‘வட ஆற்காடு’ என்று இருப்பவர் இன்றைய ஆந்திராவின் சந்திரகிரிக்காரராக இருக்கலாம். ‘சேலம்’ என்று இருப்பவர் திருப்பத்தூர்க்காரராக இருக்கலாம். உங்கள் நகலில் தாலுகாவும் இருப்பதால் பிழைத்தீர்கள். கிராமத்தின் பெயர் குமாஸ்தாவின் காதில் விழுந்த விதம். அதைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் பல தடவை சொல்லிப் பாருங்கள். வந்தவாசியை ‘வாண்டிவாஷ்’ என்று எழுதிய ஆட்கள் அவர்கள். பேர்ணாம்பட்டு என்று இப்போதே முடிவுகட்டாமல், பழைய குடியாத்தம் தாலுகாவின் கிராமப் பட்டியல் முழுவதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட ஊர்களையும் விட்டுவிட வேண்டாம்.

இனி உங்கள் சார்ட். பெண்களைப் பற்றி ஆவணம் கிடைக்காது, அதனால்தான் விட்டோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழுவில் ஒரு பத்திர எழுத்தர் இருக்கிறாரே, அவரிடம் விடுதலைப் பத்திரம் பற்றிக் கேளுங்கள். அப்பா இறந்த பிறகு, எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுப்பது. 1989இல் தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தது. அதன் பிறகு இந்தப் பத்திரத்துக்கு இன்னும் கிராக்கி. ‘காலஞ்சென்ற எங்கள் தகப்பனாருக்குப் பாத்தியப்பட்ட’ என்று ஆரம்பித்து, கீழே வரிசையாக வரும்: பெயர், வயது, க/பெ. இன்னார், கதவு எண், தெரு, ஊர். எத்தனை பெண்களோ அத்தனை பேரும் வந்து கைரேகையோ கையெழுத்தோ வைத்திருப்பார்கள். சொத்திலிருந்து பெண்ணை வெளியே அனுப்ப எழுதின காகிதம் அது. ஆனால் ஒரு வீட்டுப் பெண்கள் எல்லோரும் யார் யார், எந்தெந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வேறு காகிதத்தை நான் பார்த்ததில்லை. வாரிசுச் சான்றிதழும் இப்படித்தான். பழைய கிரயப் பத்திரத்தில் ‘இன்னார் பாரியாள்’ என்று வரும் பெயர்களையும், சக்குபந்தியில், அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தில், எல்லைக்காரர்களாக வரும் பெயர்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரன் அனேகமாகப் பங்காளியாக இருப்பான், பாகம் பிரித்த நிலம் அல்லவா. கம்ப்யூட்டர் வில்லங்கச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்கு மேல் பின்னால் போகாது. அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

அடுத்தது மொய் நோட்டு. இதை ஏன் யாரும் வரலாறாக நினைப்பதில்லை என்பது எனக்குப் புரிவதே இல்லை. மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தாய்மாமன் பெயரை முதலில் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரியில் கல்யாண வீட்டு அம்மாவின் பிறந்த வீடு கிடைத்துவிடும். பிறகு ஊர் ஊராக வரும்: பரதராமி, பள்ளிகொண்டா, பலமநேர், கே.வி.குப்பம் என்று. மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதால் ஊரையும் பெயரையும் யாரும் தப்பாக எழுத மாட்டார்கள். சர்க்கார் பதிவேட்டுக்குக்கூட இந்த உத்தரவாதம் கிடையாது. தொகை அணாவில் இருந்தால் அனேகமாக 1957க்கு முந்தைய நோட்டு. ஒரே குடும்பத்தின் இரண்டு கல்யாண நோட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், நடுவில் எந்த ஊரோடு போக்குவரத்து நின்றுபோனது என்பதும் தெரியும். ஏன் நின்றது என்று கேட்டீர்களானால் அன்றைய கூட்டம் எட்டு மணிக்கு முடியாது. இந்த நோட்டுகளெல்லாம் பரணில் கிடக்கும், பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் பையன்களை அனுப்பிப் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

பேர்ணாம்பட்டில் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு, அந்தப் பெயர் வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் புத்தகத்தில் மணமகள் பெயர், அவள் தகப்பன் பெயர், மஹர் எல்லாம் இருக்கும். பழையதை வாசிக்க உருது தெரிந்த ஒருவர் வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயரும் உண்டு. ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது, அதன் வழிவந்த சபைகளில் விசாரிக்கலாம். கத்தோலிக்கர்களுக்குப் பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கக்கூடும், பங்குச் சாமியாரிடம் பொறுமையாக உட்கார வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இவற்றிலெல்லாம் அலமேலு கிடைப்பாளா என்றால், நேராகக் கிடைக்க மாட்டாள். அவள் பிறந்தது அனேகமாக 1860களில். சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல் வந்தது. சின்னசாமிக்கு நிலம் இருந்திருந்தால் பழைய நிலவரி செட்டில்மெண்ட் பதிவேட்டில் பட்டாதாரராக அகப்படலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நடை போக வேண்டியதுதான். நிலம் இல்லாதவர் என்றால் அதுவும் இல்லை. அப்படியே ஒரு சின்னசாமி கிடைத்தாலும் துள்ளிக் குதிக்காதீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் நம்முடையது. சின்னசாமி மகன் முனுசாமி, முனுசாமி மகன் சின்னசாமி என்று ஒரே தெருவில் நூறு வருஷம் ஓடும். வயதும் தேதியும் சேராமல் பெயரை மட்டும் வைத்து இவர்தான் என்று டர்பன்காரர்களிடம் சொல்லிவிட்டால், அவர்கள் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டுப் போவார்கள். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

வாய்மொழியைத் தேடுங்கள். ‘கப்பலேறிப் போனவ’ என்று ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பேச்சு மிஞ்சியிருக்கலாம். திண்ணையில் இருக்கும் ஆண்களிடம் கேட்டால் சம்புவராயரில்தான் போய் நிற்பார்கள். எண்பது தாண்டிய பாட்டிகளிடம் நீங்களே போய் உட்காருங்கள், குழுவில் உங்களால் மட்டும்தான் முடியும். வருஷக் கணக்கைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாலா பின்னாலா, பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதற்கு முன்னாலா பின்னாலா என்று. முதலாவது 1876-78, இரண்டாவது 1903. ஆனால் தாது அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும் என்பதை மறக்க வேண்டாம், 1936இலும் வந்தது. பஞ்சம் என்ற சொல்லும் கூட வந்தால்தான் முந்தையது.

‘புருஷன் இல்லாமல் போனவள்’ விஷயம். உங்கள் நண்பர் யாருடைய சங்கடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. டர்பன் குடும்பத்துக்கு அந்தக் கட்டம் காலியாக இருப்பது ஏற்கெனவே தெரியும், அவர்கள்தானே நகலை அனுப்பினார்கள். பஞ்சம் முடிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கணவன் செத்திருக்கலாம், விட்டுப் போயிருக்கலாம், முன்னாலேயே வேறு கப்பலில் போயிருக்கலாம், இவளே விட்டு வந்திருக்கலாம். ஆள் பிடிக்கிறவன் சொல்லிக்கொடுத்த பெயரையும் ஊரையும், கப்பலேற்றும் முன் கூலிகளைத் தங்கவைத்த டிப்போவில் சொல்லியிருக்கவும் கூடும். நமக்குத் தெரிந்தது, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு வயதுக் குழந்தையோடு கடல் தாண்டிப் போய், அந்தக் குழந்தையை வளர்த்து ஆளாக்கினாள் என்பது. சம்புவராயரை விட எனக்கு இவள் மேல்தான் மரியாதை.

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் மட்டும் உங்கள் நண்பரின் எச்சரிக்கை சரி. ஓடிப்போய்க் கல்யாணம் செய்தவர், இரண்டாம் தாரம், தத்து இவற்றையெல்லாம் சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் சார்ட்டில் ஏற்றாதீர்கள். சாதியைத் தேடலுக்கு உதவும் குறிப்பாக உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் மாட்டுகிற சார்ட்டில் வேண்டாம்.

தை வரை காத்திருக்காமல் டர்பன் குடும்பத்துக்கு இன்றே எழுதுங்கள். அந்தக் குழந்தையின் கல்யாணப் பதிவும் இறப்புப் பதிவும் இருக்கிறதா, அலமேலுவின் ஒப்பந்த எண்ணை வைத்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் குடியேறிகள் துறைக் கோப்புகளைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஊருக்குக் கடிதமோ பணமோ அனுப்ப முயன்றிருந்தால் கிராமத்தின் பெயர் இன்னொரு தடவை, ஒருவேளை சரியாகவே, எழுதப்பட்டிருக்கும். அப்புறம் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள், எந்த மாதத்தில், என்ன படைக்கிறார்கள் என்று விவரமாகக் கேட்டு வாங்குங்கள். கெங்கையம்மன் என்று பதில் வந்தால் குடியாத்தத்துப் பக்கம் தேடுவதற்கு இன்னொரு காரணம் கிடைக்கும். நம் ஊர் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி என்பதையும், தையில் வந்தால் அதைப் பார்க்க முடியாது என்பதையும் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். டிக்கெட் போடாமல் இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளட்டும்.