பாதி விலை டிக்கெட் போட்டால் மைதானம் நிறையுமா?

கேள்வி: ஐயா, நான் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் இருக்கிறேன். எங்கள் ஊர் ரக்பி லீக் கிளப், உச்ச நிலையான சூப்பர் லீக்குக்கு அடுத்த நிலையான சாம்பியன்ஷிப்பில் ஆடுகிறது. அதன் கமிட்டியில் தன்னார்வலராகக் கணக்கு பார்க்கிறேன். ஆட்டத்துக்குச் சராசரியாக 1,800 பேர் வருகிறார்கள், அதில் பாதிப் பேர் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள். வாசலில் பெரியவருக்கு 22 பவுண்டு. சீசன் டிக்கெட் 13 ஆட்டங்களுக்கு 195 பவுண்டு. கூட்டத்தைக் கூட்ட, அடுத்த மூன்று உள்ளூர் ஆட்டங்களுக்கும் எல்லோருக்கும் பாதி விலை என்று அறிவிக்கலாம் என்கிறார்கள். கூட்டம் வருமா, கையைக் கடிக்குமா?

பதில்: கையைக் கடிக்கும். தள்ளுபடி கொடுங்கள், ஆனால் எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். இதுவரை வராதவருக்குக் கொடுங்கள், மூன்று ஆட்டத்துக்குப் பதில் ஒரே ஆட்டத்துக்குக் கொடுங்கள், வந்தவர் யார் என்று பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பார்ப்பவர் என்பதால் முதலில் கணக்கிலேயே வருகிறேன். 22 பவுண்டு டிக்கெட்டில் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கிறது. அது போனால் கிளப்புக்கு நிற்பது 18.33. விலையை 11 ஆக்கினால் நிற்பது 9.17. உங்கள் 1,800 பேரில் 900 பேர் சீசன் டிக்கெட்காரர்கள், அவர்கள் பணம் ஏற்கெனவே வந்துவிட்டது. மீதி 900 பேரும் முழு விலை கொடுப்பவர்கள் என்று வைத்துக்கொண்டால் வாசல் வசூல் ஆட்டத்துக்கு 16,500 பவுண்டு. பாதி விலை என்று பலகை வைத்த நிமிடமே அதில் 8,250 போய்விடுகிறது, ஏனென்றால் எப்படியும் வரவிருந்தவரும் 11 தான் கொடுப்பார். புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் பை (இறைச்சி அடைத்த பண்டம்), பீர் என்று வாங்கி நான்கு பவுண்டு லாபம் தருவதாக வைத்தாலும், பழைய வசூலைத் தொடவே 627 புதியவர்கள் வேண்டும். 1,800 பேர் வரும் கிளப்புக்கு ஒரே வாரத்தில் 627 புது முகங்கள் கிடைப்பது லேசில்லை. மூன்று ஆட்டமும் அப்படி வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய சேதம் வேறு இடத்தில் நடக்கும். நான் ஒரு கிளப்பின் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்த காலத்தில் இதே போல் திடீர் பாதி விலை அறிவித்தார்கள். சனிக்கிழமை காலை ஒரு பெரியவர் வந்தார், பல வருடமாகச் சீசன் டிக்கெட் வாங்குபவர். கண்ணாடித் தடுப்புக்குக் கீழே தன் அட்டையைத் தள்ளினார். "இதை வைத்து ஒரு ஆட்டத்துக்கு நான் எவ்வளவு கொடுத்திருக்கிறேன், வகுத்துச் சொல்லம்மா" என்று பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டார். சத்தம் போடவில்லை. அந்தப் பெண் கால்குலேட்டரைத் தட்டினாள், பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த சீசன் அவர் புதுப்பிக்கவில்லை.

உங்கள் சீசன் டிக்கெட்காரர் ஆட்டத்துக்கு 15 பவுண்டு கொடுக்கிறார், அதுவும் சீசன் தொடங்கும் முன்பே, அணி தோற்குமா ஜெயிக்குமா என்று தெரியாமல். நேற்று வந்தவர் 11 கொடுத்து அவர் பக்கத்தில் உட்காரக் கூடாது. யாரும் வாங்கக்கூடிய டிக்கெட் எதுவும் 15-க்குக் கீழே இறங்கக் கூடாது. இதைக் கமிட்டியில் எழுதியே வையுங்கள்.

சரி, புதியவருக்கு மலிவு டிக்கெட்டை எப்படிக் கொண்டுசேர்ப்பது? சீசன் டிக்கெட்காரர் கையாலேயே கொடுங்கள். 900 பேருக்கும் ஆளுக்கு ஒரு கூப்பன்: உங்கள் விருந்தாளிக்கு 5 பவுண்டு, இந்த வருடம் டிக்கெட் வாங்காதவராக இருக்க வேண்டும். மூன்றில் ஒருவர் பயன்படுத்தினாலும் 300 பேர். வழக்கமாக 22 கொடுக்கும் நண்பரையே சிலர் கூட்டி வருவார்கள், அது நடக்கத்தான் செய்யும். அப்படி 50 பேர் நழுவினால் 708 பவுண்டு நஷ்டம், உண்மையான புதியவர்கள் 250 பேர் கொண்டுவருவது வரி போக 1,042. கடை வியாபாரம் தனி. கோபப்பட வேண்டிய மனிதர் இப்போது விருந்துக்கு அழைப்பவராகிவிட்டார். வந்தவருக்கும் பக்கத்தில் பேச ஆள் இருக்கிறது. எனக்குத் தெரிந்த எல்லாச் சலுகைகளிலும் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அடுத்து பள்ளிக்கூடங்கள். குழந்தைக்கு இலவசம், கூட வரும் பெரியவருக்கு 10 பவுண்டு. இது 15-க்குக் கீழேதான், ஆனால் குழந்தையின் பெயர் போட்ட டிக்கெட்டைக் காட்டினால்தான் கிடைக்கும், வாசலில் விற்கக் கூடாது. பிராட்ஃபோர்டு நார்தர்ன் என்ற ரக்பி லீக் கிளப் 1996-இல் பிராட்ஃபோர்டு புல்ஸ் ஆனபோது, பீட்டர் டீக்கின் என்பவர் அதன் விளம்பரப் பொறுப்பில் இருந்தார். வீரர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார், ஆட்டத்துக்கு முன்னால் பாட்டு, வேஷம் என்று ஓட்சல் மைதானத்தைக் குடும்பங்கள் வரும் இடமாக மாற்றினார். கூட்டம் ஆயிரக்கணக்கில் ஏறியது. அணி நன்றாக ஆடியதும் காரணம்தான். ஆனாலும் விலையைக் குறைப்பதோடு அவர் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் வீரர் ஒருவர் வகுப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டிக்கெட்டைக் குழந்தை வீட்டில் தொலைக்காது.

முழு இலவசம் பெரியவர்களுக்கு வேண்டாம். கத்தையாக விநியோகித்த இலவச டிக்கெட்டுகளில் பெரும்பகுதி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் ஒட்டியபடியே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து பவுண்டு கொடுத்தவர் மழை தூறினாலும் கிளம்புவார்.

எந்த ஆட்டம் என்பதும் முக்கியம். பக்கத்து ஊர்ப் பகையாளி வரும் டெர்பிக்குத் தள்ளுபடி தேவையில்லை. புனித வெள்ளியன்று பக்கத்து ஊர்ப் பகையாளிகளான விகனும் செயின்ட் ஹெலன்ஸும் மோதும்போது யாரும் கூவி விற்பதில்லை. பிப்ரவரியும் வேண்டாம், முதல்முறை வருபவர் ஈரப் பலகையில் நடுங்கிவிட்டு மறுபடி வரமாட்டார். ஜூலைக் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கும் வாரம், ஞாயிறு மதியம், நீங்கள் ஜெயிக்க வாய்ப்புள்ள ஆட்டம்: அதுதான் நாள். கூப்பன்காரர்களை மைதானம் முழுக்கச் சிதறவிடாமல் ஒரே ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். 300 பேர் நெருக்கமாக இருந்தால்தான் சத்தம் எழும்.

அன்றைய ஏற்பாட்டில் கஞ்சத்தனம் கூடாது. கூடுதல் கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஸ்டூவர்டுகள் போதுமா, உள்ளூராட்சியின் பாதுகாப்புச் சான்றிதழ் எத்தனை பேரை அனுமதிக்கிறது என்று முன்பே பாருங்கள். இன்னொரு டர்ன்ஸ்டைலை, அதாவது சுழல் வாசலை, திறந்து வையுங்கள். இரண்டு பிள்ளைகளோடு முதல்முறை வந்த ஒரு தாய் பை வாங்கும் வரிசையில் நின்றே முதல் இரண்டு டிரையையும் (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) தவறவிட்டதை நான் பார்த்தேன். கடைசிவரை அவருக்கு ஆட்டமே புரியவில்லை. அணிக்குப் பதின்மூன்று பேர், ஆறாவது டேக்கிளில் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவது) பந்து எதிரணிக்கு, டிரைக்கு நான்கு புள்ளி: இதை அரைத் தாளில் அச்சடித்து டிக்கெட்டோடு கொடுத்தால் போதும்.

சலுகையில் வருபவரின் பெயரும் மின்னஞ்சலும் கட்டாயம். செய்தி அனுப்பச் சம்மதம் என்ற கட்டத்தை அவர்களே டிக் செய்ய வேண்டும், நீங்கள் முன்கூட்டியே டிக் செய்து வைத்தால் சட்டப்படி செல்லாது. ஆட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள் ஒரு செய்தி போகட்டும்: அடுத்த ஆட்டத்துக்கு 15 பவுண்டு, மூன்று வாரம் செல்லும். இந்தச் செய்தி இல்லாவிட்டால் மொத்த ஏற்பாடும் வீண்.

எல்லோருக்கும் மலிவு என்பதும் ஒரு வழிதான், ஆனால் அதைச் சீசன் தொடங்கும் முன் சீசன் டிக்கெட்டில் செய்ய வேண்டும். பிராட்ஃபோர்டு சிட்டி கால்பந்து கிளப் 2007-இல் நான்காம் நிலைக்கு இறங்கியபோது 138 பவுண்டுக்கு, அதாவது ஆட்டத்துக்கு 6 பவுண்டு வீதம், சீசன் டிக்கெட் விற்றது. 10,000-ஐத் தாண்டி விற்பனையானது. பணம் முன்னாலேயே கைக்கு வந்தது, எல்லோருக்கும் ஒரே விலை என்பதால் யாருக்கும் மனக்குறை இல்லை. உங்கள் கமிட்டியினரின் மனம் நல்ல மனம்தான். வேலைக்குப் போகாமல் ஆட வந்த தொழிலாளிக்கு அந்த நாள் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்ற சண்டையில், 1895-இல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் பிறந்த ஆட்டம் இது. விலை எட்டாமல் போவது இதன் ரத்தத்துக்கே ஒவ்வாது. அந்த மனதை அடுத்த சீசன் டிக்கெட் விலையில் காட்டச் சொல்லுங்கள்.

சூப்பர் லீக் இடங்களுக்கு ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிக நிறுவனத்தின் தர மதிப்பீடு வந்த பிறகு கூட்ட எண்ணிக்கைக்கும் புள்ளி உண்டு என்பதால், எப்படியாவது தலைகளைக் கூட்டிக் காட்டும் அவசரம் பல கிளப்புகளுக்கு இருக்கிறது. நீங்கள் வேறு எண்ணைக் கமிட்டிக்குக் கொண்டுபோங்கள். சீசன் டிக்கெட் கூப்பன், பள்ளி என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு போட்டு, எந்த வழியாக வந்தவர்கள் மூன்று வாரத்துக்குள் 15 பவுண்டு கொடுத்து மறுபடி வந்தார்கள் என்று எண்ணுங்கள். ஒருவர்கூடத் திரும்பாத வழியை அடுத்த முறை விட்டுவிடுங்கள். முப்பது பேர் திரும்பிய வழிக்கு இன்னும் நூறு கூப்பன் அச்சடியுங்கள்.