பட்டுச்சேலையில் எடுக்கலாமா?

வணக்கம் ஐயா,

நான் பாம்பனைச் சேர்ந்தவள். காட்சித் தொடர்பியல் முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக ‘உருவப்படமும் அடையாளமும்’ என்ற தலைப்பில் எங்கள் பகுதியில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் படம் எடுத்துவருகிறேன். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, முகத்தில் நீர்க்கண்ணாடி என்று அவர்கள் கடலில் இறங்கும் கோலத்திலேயே எடுத்தேன். இவற்றில் தொழில் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்கிறார் என் வழிகாட்டி. படத்தைப் பார்த்த ஒரு அக்காவும், “இதுல நான் எங்கம்மா இருக்கேன்? கண்ணாடியும் துணியுந்தான இருக்கு” என்று கேட்டுவிட்டு, வீட்டு வாசலில் பட்டுச்சேலையில் எடுக்கச் சொன்னார். அது வேடம் கட்டியதுபோல ஆகிவிடாதா? வெள்ளைத் திரை கட்டி எடுக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி, பாம்பன்

அன்புள்ள மாணவிக்கு,

பட்டுச்சேலையிலேயே எடுங்கள். நனைந்த சட்டையில் இருப்பவர்தான் உண்மையானவர் என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டதால்தான் மற்றது வேடமாகத் தோன்றுகிறது. அந்தச் சட்டையை அவர் வேலைக்காக அணிகிறார். அதில் தன்னைப் பிறர் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை, நீங்கள்தான் கேட்டீர்கள். ஒருவர் எந்தத் தோற்றத்தில் அறியப்பட வேண்டும் என்பதை யார் தீர்மானித்தார் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு உருவப்படத்தில் அடையாளத்தைப் பற்றிப் பேச முடியாது என்பது என் எண்ணம்.

இந்தக் கேள்வி உங்கள் கரைக்குப் புதிதன்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1880களில் இராமேசுவரம் தீவின் கடலுயிர்களைச் சேகரித்து வகைபிரித்து எழுதியவர். அவரே பின்னர் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்து, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகளை வெளியிட்டார். அவற்றின் படங்களில் பெரும்பாலும் குழுவுக்குப் பெயர் இருக்கிறது, ஆளுக்கு இல்லை. சங்குக்கும் மனிதருக்கும் ஒரே அலமாரி. வலையோடு நிற்கும் மீனவர், முகமெல்லாம் சுருக்கம் விழுந்த பாட்டி என்று இன்று போட்டிகளில் பரிசு வாங்கும் படங்களில் பலவும், எவ்வளவு பரிவோடு எடுக்கப்பட்டிருந்தாலும், அந்த அலமாரியில் போய்ச் சேர்பவைதான்.

ஆனால் தொழில் தெரிந்தாலே ஆள் மறைந்துவிடுவார் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஜெர்மானியப் புகைப்படக் கலைஞரான ஆகஸ்ட் சாண்டர் 1929இல் வெளியிட்ட நூலின் 60 படங்களுக்கும் பெரும்பாலும் தொழிலையும் சமூக நிலையையும் வைத்தே தலைப்பிட்டார். அதிலுள்ள கேக் தயாரிப்பவரைப் பாருங்கள்: நீண்ட வெள்ளை அங்கியும் கையில் பாத்திரமுமாக, பருத்த உடம்பை நேராக நிறுத்தி, நம்மை எடைபோடுவதுபோலப் பார்க்கிறார். சாண்டரின் பெரிய தகட்டுக் கேமராவுக்கு முன் அசையாமல் நிற்கவேண்டியிருந்ததால், எப்படி நிற்பது என்று யோசிக்க அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. உங்கள் அக்காவுக்கும் அந்த அவகாசத்தைக் கொடுத்தால், நீர்க்கண்ணாடியோடு எடுக்கும் படம்கூட வேறாக வரும்.

வெள்ளைத் திரை வேண்டாம். அது நடுநிலையானது என்பது நம் பிரமை. 1960இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையில் இருந்த மார்க் கரான்ஜே, அடையாள அட்டைக்காகக் கிராமத்துப் பெண்களை முக்காடு நீக்கச் செய்து, வெள்ளைச் சுவருக்கு முன் உட்காரவைத்து எடுத்தார். அந்தப் பெண்களின் கண்களில் உள்ள சினத்தை இன்றும் பார்க்கலாம். அப்படி ஒரு படம் ஏற்கெனவே ஆதாரில் எல்லோருக்கும் இருக்கிறது, நீங்கள் இன்னொன்று எடுக்கவேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற நீரும் அடங்கும். அங்கே பாசி எடுக்கத் தடை உண்டு. பாசிப் பையோடு, முகம் தெளிவாக, பின்னணியில் தீவும் தெரிய நிற்கும் படம் உங்களுக்கு ஆய்வுப் பொருளாக இருக்கலாம். அவருக்கு எதிராக அது சான்றாகவும் ஆகலாம். முகத்தை மறைக்கும் கண்ணாடியைக் குறையென்று எண்ணுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். எந்தப் படத்தை வைக்கலாம், பெயர் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் அச்சுப்படியைக் கையில் கொடுத்தே கேளுங்கள். கைப்பேசியில் எடுத்தவையானால் எடுத்த இடத்தின் குறிப்பும் கோப்பிலேயே பதிவாகியிருக்கக்கூடும். கல்லூரிக்கு அனுப்புவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.