சேமப்படை எப்படித் தோன்றியது?

கேள்வி: நிரந்தரப் படை இருக்கும்போது, தேவை வந்தால் மட்டும் அழைக்கப்படும் சேமப்படை எதற்கு? அது எவ்வாறு தோன்றியது?

பதில்: போர்க்காலத்துக்குத் தேவையான அளவு வீரர்களை அமைதிக்காலத்திலும் சம்பளம் கொடுத்து வைத்திருக்க எந்தக் கருவூலத்தாலும் இயலாது என்பதே அடிப்படைக் காரணம். பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனிடம் 1806இல் தோற்ற ஜெர்மானிய அரசான பிரஷ்யா, தன் படையை 42,000 பேருக்குள் நிறுத்திக்கொள்ள 1808இல் கட்டாயப்படுத்தப்பட்டபோது, பயிற்சி பெற்றவர்களில் சிலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் இடத்தில் புதியவர்களைச் சேர்த்தது; இதனால் வரம்பை மீறாமலே, அழைத்தால் வரக்கூடிய பயிற்சி பெற்றோர் பெருகினர். 1813இல் லாண்ட்வேர் என்ற குடிமக்கள் படையையும் எழுப்பியது. இதனைத் தோல்வியிலிருந்து பிறந்த மிகச் சிறந்த இராணுவச் சீர்திருத்தங்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

அமைப்பில் இரு வகைகள் உண்டு. பணி முடித்துச் சென்ற வீரர்களின் பெயரைப் பட்டியலில் வைத்திருந்து, போர் வந்தால் அழைத்து நிரந்தரப் பிரிவுகளின் காலியிடங்களை நிரப்புவது ஒன்று. மற்றொன்று, வேறு தொழில் செய்தவாறே பகுதிநேரப் பயிற்சி பெறுவோரைக் கொண்டு தனித்த பட்டாலியன்களையே அமைப்பது. போர்த்துறை அமைச்சர் ஹால்டேன் பிரிட்டனில் 1908இல் உருவாக்கிய பிராந்தியப் படை இவ்வகையைச் சார்ந்தது. உள்நாட்டுக் காவலுக்கென்றே அமைக்கப்பட்ட அப்படையினரில் பலர் 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது தாமாகவே முன்வந்து கடல் கடந்து போரிட்டார்கள் என்பது மதிப்புடன் நினைக்கத்தக்கது. அமெரிக்காவின் இராணுவச் சேமப்படையோ, அதே 1908இல், மருத்துவர்களைக் கொண்ட பிரிவாகத் தொடங்கியது.