பேக்டரி ஆக்‌ஷனா, கஸ்டம் ஆக்‌ஷனா? கேட்டவர்களுக்கு என் பதில்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிற நம்ம ஆட்கள் அனுப்பிய கேள்விகள். புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி: ஆக்‌ஷன் என்றால் ரைஃபிளின் நடு உடம்பான ரிசீவரும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்ட அதற்குள் ஓடுகிற போல்ட்டும்; பேரல் (குழல்), ட்ரிக்கர் (விசை), ஸ்டாக் (தோளில் வைக்கிற கட்டை) எல்லாம் வந்து சேர்வது இதில்தான். கம்பெனி ரைஃபிளோடு வருவது பேக்டரி, தனியாக நுட்பமாகச் செய்து விற்பது கஸ்டம். நான் கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) இல்லை, காசைக் கரைத்துக் கற்றுக்கொண்டவன்.

அண்ணா, என் ரெமிங்டன் 700 ரைஃபிள், .308 தோட்டா, 100 கஜத்தில் ஒன்றேகால் அங்குல குரூப் (ஒரே குறியில் சுட்ட ஓட்டைகள் பரவிக் கிடக்கிற அகலம்) தருகிறது. கஸ்டம் ஆக்‌ஷன் போட்டால் பாதியாகுமா?

ஆகாது தம்பி. அதே பேரலைக் கழற்றி கஸ்டம் ஆக்‌ஷனில் மாட்டினால் ஏறக்குறைய அதே ஒன்றேகால்தான் வரும். முதலில் பேரல், அப்புறம் தோட்டா, அப்புறம் ஆக்‌ஷன் ஸ்டாக்கில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பது. ஆக்‌ஷன் அதற்கும் பின்னால்தான் வரும். அந்த ஒன்றேகால் எத்தனை ரவுண்டில் அளந்தது? மூன்று என்றால் அதை நம்பாதே, பத்து சுட்டு அளந்து பார்.

அப்படியானால் எதற்கு 1,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். 700 வந்தது 1962-இல், மைக் வாக்கர் என்கிற பெஞ்ச்ரெஸ்ட் (மேசையில் வைத்துத் துல்லியமாகச் சுடும் போட்டி) பைத்தியத்தின் கைவண்ணம். உருண்டைக் கம்பியிலிருந்து கடைந்த ரிசீவர், ரீகாயில் லக் (பின்னுதையை ஸ்டாக்குக்குக் கடத்துகிற தகடு) தனியாக ஒரு வாஷர் மாதிரி பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் நிற்கும். மலிவாகச் செய்யலாம், அடிப்படையில் நன்றாகவும் சுடும். ஆனால் ஆயிரக்கணக்கில் செய்யும்போது பேரல் திருகுகிற மரை ஒரு பக்கம், போல்ட் ஓடும் வழி ஒரு பக்கம் என்று நூலிழை விலகுவது உண்டு. ஒரு சோதனை செய்து பாருங்கள்: துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டின் முன்முனையில் பூட்டிக்கொள்கிற இரண்டு லக்குகளின் (புடைப்புகளின்) பின்பக்கத்திலும் கறுப்பு மார்க்கர் பூசி, இருபது முப்பது தடவை மூடித் திறங்கள். என்னுடையதில் ஒரு லக் பளபளவென்று தேய்ந்திருந்தது, இன்னொன்று பூசின மை பூசினபடியே இருந்தது. அதாவது வெடிப்பின் பாரம் முழுவதையும் ஒற்றை லக் தாங்கிக்கொண்டிருந்தது.

கஸ்டம் ஆக்‌ஷனில் இந்தக் கோணல்கள் கிடையாது, போல்ட்டும் வெண்ணெய் மாதிரி ஓடும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய லாபம் பேரல் மாற்றுவதில். ஒவ்வொரு ஆக்‌ஷனும் ஒரே அளவில் வருவதால், பேரல் செய்கிறவர் என் ஆக்‌ஷனைக் கண்ணால் பார்க்காமலேயே சேம்பர் (தோட்டா உட்காரும் குழி) வெட்டி அனுப்பிவிடலாம். இதைத்தான் ப்ரீஃபிட் என்கிறார்கள். திருகி இறுக்கி, கோ, நோ-கோ கேஜ் (சேம்பரின் ஆழம் சரியா என்று பார்க்கும் அளவுக் கட்டைகள்) இரண்டும் போட்டுப் பார்த்தால் வேலை முடிந்தது. 6.5 க்ரீட்மூர் தோட்டாவுக்கான பேரல் சுமார் 2,000, 2,500 ரவுண்டில் களைத்துவிடும். போட்டிக்குப் போகிறவனுக்கு அது ஓரிரு வருடம்தான்.

சார், பழைய 700-ஐயே கோணல் நீக்கி ட்ரூ செய்துகொண்டால் போதாதா?

இருபது வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் செய்யுங்கள் என்றிருப்பேன். இன்று ரிசீவர் முகத்தைச் சமன் செய்ய, மரையைத் திரும்ப வெட்ட, புது லக், போல்ட் வேலை என்று கூட்டிப் பாருங்கள். கையில் இருக்கும் 700-இன் விலையையும் சேர்த்தால் ஸெர்மாட் ஆரிஜின் போன்ற ஒரு தொடக்கநிலை கஸ்டம் பக்கத்தில் வந்து நிற்கும். யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம் ஒன்று: மரையைத் திரும்ப வெட்டினால் அது பெரிதாகிவிடும், அப்புறம் கடையில் கிடைக்கிற சாதாரண ப்ரீஃபிட் எதுவும் பொருந்தாது. எனக்கு இது தெரியவந்தது ஒரு கன்ஸ்மித் ஒன்பது மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்த பிறகு. தாத்தா கொடுத்த துப்பாக்கி என்றால் மட்டும் செய்யுங்கள்.

டிக்கா ரைஃபிள் எப்படி?

வாங்குங்கள். பின்லாந்தின் ரீஹிமாக்கியில் சாக்கோ ஆலையில் செய்வது, பேக்டரி ஆக்‌ஷன்களில் இந்த விலைக்கு இவ்வளவு வழுவழுப்பு வேறெதிலும் நான் பார்த்ததில்லை. 700-க்குக் கிடைக்கிற அளவுக்கு ஸ்டாக்கும் உதிரியும் இதற்கு இல்லை, அவ்வளவுதான்.

சாவேஜ் ரைஃபிளை ஏன் யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்?

ஓட்டும்போது கரகரக்கும், அதனால்தான். ஆனால் 1958-இல் வந்த அந்த சாவேஜ் 110-இன் பேரல் நட் (பேரலை இறுக்கிப் பிடிக்கிற நட்) இருக்கிறதே, அதைத் தளர்த்தி, கேஜ் வைத்து, ஹெட்ஸ்பேஸை (போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தங்குமிடத்துக்கும் உள்ள இடைவெளியை) சாதாரண ஆள் வீட்டு மேசையிலேயே சரிசெய்துகொள்ளலாம். கஸ்டம்காரர்கள் இன்று பெருமைப்படுகிற பேரல் மாற்றும் வசதியை அது எப்போதோ கொடுத்துவிட்டது. அழகு பார்க்காதவர்களுக்கு நல்ல சரக்கு.

ப்ரோ, சுட்ட பிறகு என் 700-இன் போல்ட் கைப்பிடியை உள்ளங்கையால் தட்டித்தான் தூக்க வேண்டியிருக்கிறது. ஆக்‌ஷன் கோளாறா?

முதலில் சுடுவதை நிறுத்துங்கள். சொந்தமாக ரீலோட் செய்த (பழைய உறையில் மருந்து நிரப்பிய) தோட்டா என்றால் அழுத்தம் அதிகமாகியிருக்கலாம். வேறு லாட் பேக்டரி தோட்டாவிலும் அப்படியே இருந்தால் கன்ஸ்மித்திடம் காட்டுங்கள். 700-இல் கைப்பிடி போல்ட்டோடு பற்றவைத்தது. அது இடம் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருந்தால், வெற்று உறையை முதலில் நெம்பி எடுக்கிற வேலை சரியாக நடக்காது.

2010 மாடல் 700 ஒன்று பழையதாக வருகிறது, எடுக்கலாமா?

ட்ரிக்கரைப் பார்த்துவிட்டு எடுங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் தொடக்கம் வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கர்களை ரெமிங்டன் 2014-இல் திரும்ப அழைத்தது, விசையைத் தொடாமலே வெடிக்கலாம் என்பதால். அது சரிசெய்யப்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வேறு ட்ரிக்கர் போடும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஆக்‌ஷனை ஆர்டர் செய்தால் வீட்டுக்கு வருமா?

வராது. கூட்டாட்சிச் சட்டப்படி ரிசீவர்தான் துப்பாக்கி, அதனால் உரிமம் பெற்ற டீலர் கடைக்கு வந்து, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும். பேரலுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. உங்கள் மாநில விதியை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.